மன்மதன் கொலை வழக்கும் ஊசிமலை ஜீப்பும்

ஊரில் குற்றம் நடந்தால் அது ஊருக்குக் கேடு என்பார்கள். ஊசிமலைக்கு வந்த கேடு வேறு மாதிரி. அங்கே குற்றமே நடக்கவில்லை.

அக்கரப்பத்தனைப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறுகிற கல் ரோட்டைப் பிடித்தால், மூச்சு வாங்குகிற இடத்தில் ஊசிமலைத் தோட்டம் வரும். வெள்ளைக்காரன் வைத்த பேர் ஒன்று பலகையில் இருக்கிறது. பலகையில் மட்டும்தான் இருக்கிறது. தோட்டத்து முச்சந்தியில் ஒரு பொலிஸ் காவலரண். தகரக் கூரை, ஒரு மேசை, ஒரு கொடிக்கம்பம், ஒரு ஜீப். ஆட்கள் இரண்டு பேர். சட்டம் என்பது சார்ஜன் விஜேகோன். ஒழுங்கு என்பது ஜீப் ஓட்டுகிற கொஸ்தாபல் லியனார்ட்.

சார்ஜன் தெற்கே கடற்கரைப் பக்கத்து மனிதர். குளிருக்குக் காதுவரை தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரைக் கண்டாலும் தனக்குத் தெரிந்த மூன்று தமிழ்ச் சொற்களைச் சொல்வார்: "வாங்க, ஏறுங்க, இறங்குங்க." ஊசிமலையில் பொலிஸ் வேலைக்கு அந்த மூன்றும் தாராளம். மற்ற ஊர்களில் பொலிஸ் ஜீப்பைக் கண்டால் ஆட்கள் வேலிக்குப் பின்னால் ஒதுங்குவார்கள். இங்கே ஓடி வந்து ஏறுவார்கள். ஏனென்றால் அந்த மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வாகனம் கிடையாது. ஆட்டோக்காரர்கள் அடிவாரத்திலேயே ரோட்டைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிடுவார்கள். தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றத்தான். கொழுந்து வாடினால் துரைக்குக் கோபம் வரும். ஆள் வாடினால் வராது. ஆகவே காய்ச்சல்காரர், மட்டக்கத்தியால் வெட்டுப்பட்டவர், குளவி கொட்டியவர், பிள்ளை பெறப் போகிறவர் எல்லாருக்கும் பொலிஸ் ஜீப்தான். இதற்கு ரோந்து என்று பேர்.

லியனார்ட் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, கட்டியது ஊசிமலையில். அவன் மனைவி டெல்சி தோட்டத்து முன்பள்ளி டீச்சர். தலைச்சன் பிள்ளை, இது எட்டாம் மாதம். வலி எடுத்த உடனேயே கொண்டுவந்துவிட வேண்டும், வீட்டில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கக்கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். லியனார்ட் தினமும் காலையில் இரண்டு பேரின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பான். ஒன்று டெல்சி. மற்றது ஜீப்பின் பெற்றோல் டேங்க்.

அந்த நேரத்தில்தான் மாவட்டத்துக்குப் புதிய ஏ.எஸ்.பி. வந்தார்.

அவர் வெளிநாட்டில் நவீன ரோந்து முகாமைத்துவம் படித்துவிட்டு வந்தவர். வந்ததும் முதல் வேலையாக "ரோந்துக் கண்" என்று ஒரு முகநூல் பக்கத்தைத் திறந்தார். ஒவ்வொரு காவலரணும் வாரம் ஒரு "குறிப்பிடத்தக்க சம்பவத்தை"ப் படங்களோடு அனுப்ப வேண்டும். அனுப்பாத காவலரணின் வாகனம், வளங்களை வினைத்திறனுடன் பயன்படுத்தும் கொள்கையின் கீழ், அனுப்புகிற காவலரணுக்கு மாற்றப்படும். வாகனத்தோடு அதன் சாரதியும் போவார்.

ஊசிமலையிலிருந்து ஒன்றும் போகவில்லை. ஏ.எஸ்.பி. திரையில் தோன்றி விசாரித்தார்.

"உங்கள் பிரதேசத்தில் குற்றம் ஏன் இல்லை, சார்ஜன்?"

"ஆட்கள் நல்லவங்க, சார்."

"அது காரணம் இல்லை. அது உங்கள் கவனக்குறைவு. குற்றம் இல்லாத இடம் என்று உலகத்தில் ஒன்றும் இல்லை. தேடாத இடம்தான் உண்டு."

"தேடுறோம், சார்."

"இந்த மாதத்துக்குள் ஒரு சம்பவம். இல்லையென்றால் ஜீப்பைக் கழுவித் துடைத்து அனுப்பிவிடுங்கள்."

சார்ஜனும் லியனார்டும் தேடத் தொடங்கினார்கள். கொழுந்து பறிக்கிற வேலாயியின் சிவப்புப் பெட்டைக்கோழி காணாமற்போனது அவர்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வேலாயி நாக்கால் தேயிலையையே கவ்வாத்து வெட்டக்கூடியவள். அவளிடம் வாக்குமூலம் எடுத்து, லயம் லயமாக, வரிசை வரிசையான குடியிருப்புகளில் ஏறி இறங்கிக் கடைசியில் கோழியைக் கண்டுபிடித்தார்கள். அது ஜீப்பின் பின் சீட்டுக்கு அடியில் அடை உட்கார்ந்திருந்தது.

"அப்ப களவாணி யாரு ராலாமி?" என்றாள் வேலாயி, இடுப்பில் கை வைத்து. பொலிஸ்காரர் எல்லாரும் அவளுக்கு ராலாமிதான்.

லியனார்ட் படம் எடுக்காமல் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். செய்தியை வாய்மொழியாகக் கேட்ட ஏ.எஸ்.பி.யும், கோழி குறிப்பிடத்தக்கது அல்ல என்று சொல்லிவிட்டார்.

அது மாசி மாதம். மாசி என்றால் மலையெங்கும் காமன் கூத்து. ஊசிமலையில் கம்பம் நட்டு, மன்மதனுக்கும் ரதிக்கும் கல்யாணம் பண்ணி, தவத்தில் இருக்கிற சிவன் மேல் மன்மதன் பூக்கணை விட, சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து அவனை எரிக்க, பெண்கள் சொந்தப் பிள்ளையைப் பறிகொடுத்த மாதிரி ஒப்பாரி வைத்து அழுவார்கள். மூன்றாம் நாள் மன்மதன் உயிர்த்து வருவான். வருஷா வருஷம் நடக்கிறதுதான். சார்ஜனுக்கு இதுதான் முதல் மாசி.

எரிந்து முடிந்த காலையில் ரோந்து ஜீப் காமன் பொட்டலைத் தாண்டியது. நடுவில் சாம்பல் புகைந்துகொண்டிருந்தது. சுற்றிலும் பெண்கள் மார்பில் அடித்து அழுதார்கள். சார்ஜன் தொப்பியைக் கழற்றினார்.

"யாருடைய சாவு, லியனார்ட்?"

"மன்மதன், சார்."

"ஐயோ பாவம். வயசாளியா?"

"இல்ல சார். இப்பதான் கல்யாணம் முடிஞ்சிச்சி."

"எப்படிச் செத்தார்?"

"எரிச்சிட்டாங்க சார்."

சார்ஜன் ஜீப்பிலிருந்து பாதி இறங்கிவிட்டார். "யார் எரித்தது?"

"சிவன், சார்." அதற்குள் லியனார்டுக்கு விபரீதம் புரிந்துவிட்டது. "சார், சார், இது கூத்து சார். நாடகம். சிவன்னா நம்ம தோட்டத் தலைவர் நல்லமுத்து. மன்மதன்னா நிரோஷன். அந்தா பீலியில மூஞ்சி கழுவுறான் பாருங்க."

சார்ஜன் பார்த்தார். பீலித் தண்ணீரில் நிரோஷன் கன்னத்து ரோஸ் பவுடரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சார்ஜன் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து சாம்பலையும் ஜீப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"லியனார்ட், சுற்றறிக்கையில் சம்பவம் என்று போட்டிருக்கிறதா, நடந்த சம்பவம் என்று போட்டிருக்கிறதா?"

"சம்பவம்னு மட்டுந்தான் சார் போட்டிருக்கு."

"அப்படியென்றால் நடந்ததா இல்லையா என்று பார்ப்பது கோர்ட்டின் வேலை. சம்பவமா இல்லையா என்பதுதான் நம்முடைய வேலை."

"சார், அது வந்து…"

"டெல்சிக்கு எப்போது?"

லியனார்ட் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, கெட்ட காரியத்துக்குப் போகிற நல்ல பிள்ளைகள் நடக்கிற மாதிரி, தரையைப் பார்த்துக்கொண்டே நல்லமுத்துவின் வீட்டுக்கு நடந்தான்.

நல்லமுத்து இன்னும் சிவனாகத்தான் இருந்தார். உடம்பெல்லாம் நீலம், கழுத்தில் றப்பர் பாம்பு, இடுப்பில் சிறுத்தைப் புள்ளி போட்ட போர்வை. ரொட்டி தின்றுகொண்டிருந்தார். லியனார்ட் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, பிளேன்டீயை ஒரு மிடறு குடித்தார்.

"அதாவது, நான் மன்மதனக் கொன்னதா ஒத்துக்கணும்."

"ஆமாங்க தலைவரே. மூணாம் நாளுதான் அவன் எந்திரிச்சிருவானே. அதோட முடிஞ்சிரும்."

"ஒத்துக்கிட்டா ஜீப்பு நிக்கும்?"

"நிக்கும்."

"அட, அவ்வளவுதானே! போன மாரிக்கு எனக்கு மூச்சு முட்டினப்ப அந்த ஜீப்பு இல்லாட்டி நானே போய்ச் சேர்ந்திருப்பேன். ஒரு கொலதானே தம்பி, செஞ்சதா இருந்துட்டுப் போவுது." கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "பாம்பக் கழட்டவா, இருக்கட்டுமா?"

"இருக்கட்டுங்க. படத்துக்கு நல்லாருக்கும்."

விசாரணை காமன் பொட்டலிலேயே, முறைப்படி தொடங்கியது. சார்ஜன் சிங்களத்தில் கேட்டார். லியனார்ட் தமிழில் கேட்டான். ஊரே பதில் சொன்னது.

"மரணமானவரை எரித்தது நீர்தானா?"

"நான்தாங்க."

"எதனால் எரித்தீர்?"

"நெத்திக்கண்ணால."

"ஆயுதத்தை ஒப்படையும்."

நல்லமுத்து நெற்றியிலிருந்து ஜிகினாக் கடதாசிக் கண்ணைப் பிய்த்துக் கொடுத்தார். சார்ஜன் அதை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டார். அடுத்தது சாம்பலையும் தடயப் பொருளாக எடுக்க வேண்டும். பார்த்தால், சாம்பலில் பாதி இல்லை. காமன் சாம்பல் பூசினால் நோய் நொடி அண்டாது என்று எல்லாரும் அள்ளிப் பூசிவிட்டார்கள். ஊரே தடயத்தை நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றது. காலையில் யாரோ மரியாதைக்குப் பூசிவிட்டதில் சார்ஜன் நெற்றியிலும் கொஞ்சம் தடயம் இருந்தது.

விதவையைக் கூப்பிட்டார்கள். ரதி வேஷம் போட்டவன் ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற மதுரன். நல்ல உயரம், அதைவிட நல்ல மீசை. கூத்துக்காக மீசையை எடுத்திருந்தான். அந்தத் துக்கம் முகத்தில் உண்மையாகவே இருந்தது. பச்சைச் சேலையோடு வந்து சார்ஜன் முன்னால் உட்கார்ந்தான்.

"கணவருக்கு விரோதிகள் இருந்தார்களா?"

"எவங்கிட்டயும் வம்புக்குப் போகாத மனுசன் சார். வானத்துத் தேவருங்க பேச்சக் கேட்டுக் கெட்டாரு." மதுரன் முந்தானையால் மூக்கைச் சிந்தினான். "சார், இந்த ரவிக்க கக்கத்துல பிடிக்கிது. அவுத்துட்டு வந்து சொல்லவா?"

"விதவை மிகவும் நிலைகுலைந்து காணப்பட்டார்" என்று சார்ஜன் எழுதிக்கொண்டார்.

கண்கண்ட சாட்சிகளிடம்தான் சிக்கல் வந்தது. காமன் கூத்து உள்ள இடங்களில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. மன்மதன் எரிந்தான் என்று பாட ஒரு கட்சி, எரியவில்லை என்று பாட ஒரு கட்சி. ஊசிமலையில் மேல் லயம் எரிந்த கட்சி, கீழ் லயம் எரியாத கட்சி. பிறக்கும்போதே கட்சி முடிவாகிவிடும். பெண் கட்டினால் பெண்ணுக்கும் கட்சி மாறும். சாட்சி சொல்ல வாருங்கள் என்றதும் இரண்டு லயமும் தப்பு மேளத்தோடு வந்து நின்றன.

மேல் லயம் அடித்துப் பாடியது. சார்ஜன் பேனாவோடு காத்திருந்தார்.

"என்ன சொல்கிறார்கள்?"

"எரிஞ்சிட்டாராம், சார்."

கீழ் லயம் அதைவிடப் பலமாக அடித்துப் பாடியது. வேலாயிதான் முன்னால் நின்றாள்.

"இவர்கள்?"

"எரியலியாம், சார்."

"ஒரே சம்பவத்தை ஒரே இடத்தில் நின்று பார்த்தவர்கள்தானே?"

"ஆமா சார். ஆனா அவுங்க அந்தக் கட்சி."

"எரிஞ்சான்னு எவன் சொன்னது?" என்று வேலாயி நேராகச் சார்ஜனையே பிடித்துக்கொண்டாள். "எரிஞ்சிருந்தா இன்னைக்கி வரைக்கும் ஊருல காதல் கத்தரிக்கான்னு இத்தன புள்ளைங்க ஓடிப்போவுமா? " லியனார்ட் பக்கம் திரும்பினாள். "கேளுங்க ராலாமி அவர!"

லியனார்ட் மொழிபெயர்த்தான். சார்ஜன் யோசித்துவிட்டு, "வலுவான வாதம்" என்று எழுதினார்.

சாயங்காலம் ரோந்துக் கண் பக்கத்தில் செய்தி வந்தது: "ஊசிமலையில் புதுமாப்பிள்ளை எரித்துக் கொலை. சந்தேகநபர் சில மணித்தியாலங்களில் கைது. ஆயுதம் மீட்பு." கூடவே நல்லமுத்து நீல நிறத்தில், பாம்போடு, கைவிலங்கோடு. லைக்குகள் மழை மாதிரிக் கொட்டின. "சந்தேகநபர் போதையில் இருந்தாரா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். "கடும் தண்டனை வழங்க வேண்டும்" என்று பலர் சொல்லியிருந்தார்கள். "இவரை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறது" என்று ஒருவர் எழுதியதற்குக் கீழே, "எனக்கும்" "எனக்கும்" என்று வரிசை போய்க்கொண்டே இருந்தது.

ஏ.எஸ்.பி. உடனே போன் எடுத்தார். லியனார்டுக்கு மனச்சாட்சி உறுத்தியது. சார்ஜன் கையிலிருந்த போனை வாங்கிச் சொல்லியே விட்டான்.

"சார், மன்னிக்கணும். இது கூத்து, சார்."

"கூத்து நடக்கிற இடத்தில் கொலையா? இன்னும் நல்லது. பின்னணி இருக்கிறது. நோக்கம் என்ன?"

"தவத்தக் கலைச்சிட்டாராம், சார். கண்ண மூடி இருந்தவரு மேல பூக்கண விட்டாராம்."

"அப்படியானால் இறந்தவரும் ஆயுதம் வைத்திருந்திருக்கிறார்! இது தனிக் கொலை இல்லை கொஸ்தாபல், குழு மோதல். நன்று, நன்று."

லியனார்ட் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். உண்மையைச் சொல்லியாகிவிட்டது, அதற்கு மேல் உண்மைக்கு அவன் என்ன செய்ய முடியும்?

மூன்றாம் நாள் காமன் பொட்டலில் பூசை வைத்து மன்மதனை உயிர்ப்பித்தார்கள். நிரோஷன் மாலையும் கழுத்துமாக எழுந்து வந்தான். சார்ஜன் படம் எடுத்தார். மாலை செய்தி: "எரித்துக் கொல்லப்பட்டவர் உயிருடன் மீட்பு. ஊசிமலைப் பொலிஸார் அதிரடி."

பொலிஸ் வரலாற்றில் கொலையானவரை உயிரோடு மீட்ட ரோந்து வேறு இல்லை. மாவட்டத்தில் நடந்த கொலைகளைவிடத் தீர்க்கப்பட்ட கொலைகள் கூடிப்போய்விட்டன என்று ஏ.எஸ்.பி. மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். மேலிடம் பாராட்டியது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது. உயிர் மீண்டவருக்குச் சந்தேகநபரால் மீண்டும் ஆபத்து நேரலாம். ஆகவே இருவரையும் ஒருவரையொருவர் நெருங்கவிடக்கூடாது. சந்தேகநபர் நிரோஷனுக்குத் தாய்மாமன். இரண்டு பேருக்கும் ஒரே லயம், நடுவில் ஒரு சுவர். பிறகு லியனார்ட் அந்தச் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "மாமா, கொஞ்சம் தள்ளிப் படுங்க, மேலிடத்து உத்தரவு" என்று சொல்லிவிட்டு வந்தான்.

சங்கதி மலை முழுக்கப் பரவிவிட்டது. ஜீப்புக்கு ஆசைப்பட்ட பக்கத்துத் தோட்டத்தார் தங்களுடைய அருச்சுனன் தபசுக் கூத்தைக் கொண்டுவந்து பதியச் சொன்னார்கள். தபசு பண்ணிக்கொண்டிருந்த அருச்சுனனிடம், வேடன் ஒருவன் ஒரு பன்றிக்காக வில்லை எடுத்துச் சண்டைக்குப் போயிருக்கிறான். வேடன் யார் என்று சார்ஜன் விசாரித்தார். வேஷம் போட்டு வந்த சிவன்தான் என்றார்கள்.

"மறுபடியும் அவரா!" சார்ஜனுக்கே கோபம் வந்துவிட்டது.

"தொடர் குற்றவாளி நல்லமுத்து" என்று ரோந்துக் கண் எழுதியது. நல்லமுத்துவுக்கு அந்தக் கூத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அங்கே சிவன் வேஷம் கட்டியவர் வேறு ஆள். ஆனால் அவர் மறுக்கவில்லை. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில், வேலை ஏவுகிற கண்டாக்கையா கூட இப்போது அவரை "வாங்க, போங்க" என்று பேசத் தொடங்கியிருந்தார்.

வாரத்துக்கொரு சம்பவம் தட்டில்லாமல் போனது. ஜீப் நின்றது. டெல்சியின் வயிறு இறங்கிவிட்டதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். லியனார்ட் நிம்மதியாக டேங்கை நிரப்பி வைத்தான். "இனி என்ன டெல்சி, வலி வர்றதுதான் பாக்கி" என்றான்.

வலிக்கு முன்னால் விருது வந்தது.

மாவட்டத்தின் ஆகச் சிறந்த ரோந்துக்கான விருதை ஏ.எஸ்.பி. நேரிலேயே கொண்டுவந்து தந்தார். ஸ்டோர் முற்றத்தில் பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, முன்பள்ளிப் பிள்ளைகளை வரவேற்பு நடனம் ஆடவிட்டார்கள். ஆட்டி வைத்த டெல்சி டீச்சர் முன் வரிசையில் ஒரு நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தோட்டம் முழுக்க வந்திருந்தது. தொடர் குற்றவாளிக்கு மேடையில் இடம் கொடுத்திருந்தார்கள்.

ஏ.எஸ்.பி. பேசினார், லியனார்ட் மொழிபெயர்த்தான். "இத்தகைய வினைத்திறன் மிக்க காவலரணை ஒரு பழைய ஜீப்போடு வைத்திருப்பது இந்தத் திணைக்களத்துக்கே அவமானம்" என்றார். ஊர் கைதட்டியது. புது ஜீப் வரப்போகிறது என்று வேலாயி பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். ஏ.எஸ்.பி. ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளேயிருந்து நாலு விசிறி வைத்த ஒரு சாமான் வெளியே வந்தது. தட்டு அளவுதான் இருக்கும்.

"ட்ரோன்!" என்றார். "இனி ஊசிமலையில் ரோந்து வானத்தில்!"

ஊர் அதையே பார்த்தது. வேலாயி எழுந்தாள்.

"ஐயா, இதுல எங்க ஏறி உக்காருறது?"

லியனார்ட் மொழிபெயர்த்தான். ஏ.எஸ்.பி. அன்பாகச் சிரித்தார். "இது ஆளை ஏற்றுவதற்கு அல்ல அம்மா. ஆளைப் பார்ப்பதற்கு."

ஜீப்பின் சாவியை வெற்றிலைத் தாம்பாளத்தில் வைத்து, பூப்போட்டு, சார்ஜனைக் கொண்டு மேடை மேசையில் கையளிக்கச் செய்தார். ஜீப் வேறு பிரதேசத்துக்குப் போகிறதாம். ட்ரோனை ஓட்ட அவரோடு வந்த பொடியன்கள் போதும். ஜீப்போடு லியனார்டும் போக வேண்டும். பொடியன் ஒருத்தன் திரையைத் தட்ட, சாமான் வண்டு மாதிரி இரைந்துகொண்டு மேலே எழும்பியது. எல்லாரும் அண்ணாந்தார்கள். டெல்சி மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை.

"என்னங்க…"

லியனார்ட் மேடையிலிருந்து குனிந்தான். "என்னாச்சி?"

"பனிக்கொடம் ஒடைஞ்சிருச்சிங்க."

லியனார்ட் நிமிர்ந்தான். நேராக ஏ.எஸ்.பி. முன்னால் போய்ச் சல்யூட் அடித்தான்.

"சார், வைஃபுக்கு வலி வந்திருச்சி. ஜீப்பக் கொஞ்சம் எடுத்துக்கிறேன், சார்."

"வாழ்த்துகள்! ஆனால் ஜீப் இந்தக் காவலரணால் கையளிக்கப்பட்டுவிட்டதே."

"அப்ப சார்கிட்டக் கேக்குறேன்."

"நான் அதை இன்னும் கையேற்கவில்லை. கையேற்கிற அதிகாரி வழியில் வந்துகொண்டிருக்கிறார்."

"அப்ப இப்ப அது யாரோட ஜீப்பு, சார்?"

"இப்போதைக்கு யாருடையதும் இல்லை."

"யாரோடதும் இல்லன்னா நான் எடுக்கலாமே, சார்?"

"யாருடையதும் இல்லாததை எடுக்க யார் அனுமதி தருவது? யோசித்துப் பாருங்கள் கொஸ்தாபல்."

லியனார்ட் யோசித்தான். யோசித்துக்கொண்டே கையை நீட்டித் தாம்பாளத்துச் சாவியை எடுத்தான். பூ இரண்டும் கூடவே வந்துவிட்டது. மதுரன் டெல்சியை நாற்காலியோடு தூக்கினான். வேலாயி, "தள்ளுங்கடா, பொம்பளக் காரியத்துல ஒங்களுக்கு என்னடா வாயப் பொளந்துக்கிட்டு!" என்று கூட்டத்தைப் பிளந்தாள். சார்ஜன் விஜேகோன் தன்னுடைய தமிழில் உள்ள நடுச் சொல்லைக் கத்தினார்: "ஏறுங்க! ஏறுங்க!" ஜீப் வாழைமரத்தையும் இழுத்துக்கொண்டு பறந்தது.

திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஏ.எஸ்.பி. துள்ளினார். "பார்த்தீர்களா! முதல் பறப்பிலேயே! அதிவேகமாக ஒரு வாகனம்… அது பொலிஸ் ஜீப்! பொலிஸ் ஜீப்பையே கடத்துகிறார்கள்! சந்தேகநபரின் முகத்தைக் கிட்டே கொண்டு வா… ஆகா, என்ன தெளிவு! என்ன தெளிவு!"

மேடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். என்னவென்று தெரியாத ஊராரும் கூடச் சேர்ந்து தட்டினார்கள்.

இப்படித்தான் ஊசிமலையில், காவலரண் திறந்த பிறகு முதன்முதலாக, உண்மையாகவே ஒரு குற்றம் நடந்தது. அதைச் செய்தது பொலிஸ்.

பெண் குழந்தை. ஆஸ்பத்திரி வாசலை மிதித்த கையோடு பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். பால் கொடுத்து முடிக்கிற நேரத்தில் சார்ஜன் விஜேகோன் பஸ்ஸில் வந்து இறங்கினார். குழந்தையைத் தூக்கிப் பார்த்தார், கன்னத்தைத் தொட்டார், பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"லியனார்ட், உன்னைக் கைது செய்யத்தான் வந்தேன்."

"தெரியும் சார். வாங்க, ஜீப்பு கீழதான் நிக்கிது."

"ஜீப்பைத் தொடக்கூடாது. அது இப்போது தடயப் பொருள்."

"அப்ப எப்படி சார் என்னக் கொண்டுபோவீங்க?"

சார்ஜன் வெளியே எட்டிப் பார்த்தார். "அடுத்த பஸ் எப்போது?"

பஸ்ஸில் ஒரு சீட்தான் இருந்தது. சந்தேகநபர் எழுந்து சார்ஜனுக்கு இடம் கொடுத்தார்.

மாதக்கணக்காக வழக்கு நடக்கிறது. ஜீப் ஆஸ்பத்திரி முற்றத்தில் சீல் வைத்து நிற்கிறது. ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு கிட்டத்தில் அது எப்போதும் நின்றதில்லை. ஆனால் இப்போது அதில் யாரும் ஏற முடியாது. லியனார்டைப் பிணையில் விட்டு, வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு லய வாசலில் நடக்கிறான். தினமும் பொழுது விடிந்தால் ட்ரோன் இரைந்துகொண்டு வருகிறது.

போன கிழமை நிரோஷன் கவ்வாத்து மலையில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டான். நாற்காலியில் வைத்து நாலு பேர் ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள். லொறி இல்லை, ஆட்டோ இல்லை. அப்போது மேலே இரைச்சல் கேட்டது. யார் முதலில் கையைத் தூக்கினார்கள் என்று தெரியாது. அது நிற்கிற வாகனமா நிற்காத வாகனமா என்றுகூட யாரும் யோசிக்கவில்லை. ஊரே ரோட்டில் நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டியது. நாற்காலியில் இருந்த நிரோஷனும் ஆட்டினான். ட்ரோன் தாழ வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, எல்லாரையும் நன்றாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

சாயங்காலம் ரோந்துக் கண்ணில் படம் வந்தது: "பறக்கும் ரோந்துக்கு ஊசிமலை மக்கள் கையசைத்து உற்சாக வரவேற்பு."

நல்லமுத்து போனைத் தூக்கிக்கொண்டு லியனார்டிடம் வந்தார்.

"தம்பி, இதுக்கு லைக்குப் போட்டாத் தப்பா?"

"ஏங்க மாமா போடணும்? நம்ம கைய ஆட்டினது எதுக்கு, அவுங்க எழுதியிருக்கிறது என்னா?"

"அது சரிதான்." நல்லமுத்து படத்தை விரலால் விரித்தார். "ஆனா மூஞ்சி எல்லாருக்கும் நல்லா விழுந்திருக்கு பாரேன். கீழ் லயம் முழுக்கப் போட்டாச்சி. வேலாயி ரெண்டு தடவ அமுக்கி, போட்ட லைக்கு அழிஞ்சி, மறுபடி போட்டுச்சி. கால் கட்டோட கெடக்குற நிரோஷனும் போட்டுட்டான்."

லியனார்ட் போனை வாங்கிப் பார்த்தான். ஓரத்தில் டெல்சி நின்றாள். இடுப்பில் குழந்தை. எல்லாரும் தூக்குகிறார்களே என்று அதுவும் சின்னக் கையைத் தூக்கியிருந்தது. பனி விலகி, பின்னால் தேயிலை பச்சைப் பசேல் என்று மினுங்கியது. சும்மா சொல்லக்கூடாது, படம் அழகாகத்தான் இருந்தது.

அவனும் போட்டான்.